கத்தி அவசியமா? (6): கொடி சுத்தியிருக்கு

போன வாரம் பித்தப்பைக் கல்லைப் பார்த்தோம். வலி தராத கல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதற்காக ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. இந்த வாரம் சிசேரியன்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியா முழுவதற்கும் 21.5 சதவீதம்தான். தமிழ்நாட்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8.

சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா, எழும்பூர் ஆகிய அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிகளுக்கு எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள்? ரத்த அழுத்தம் எகிறியவர்கள், வலிப்பு வந்தவர்கள், வேறு இடத்தில் கைவிரித்து அனுப்பப்பட்டவர்கள். சிக்கல் அங்கே குவிகிறது. கத்தி தனியாரில் ஓங்குகிறது. தாமதமான முதல் கர்ப்பம், செயற்கைக் கருத்தரிப்பு என்று தனியார் தரப்பில் நியாயங்கள் உண்டு. ஆனால் அவை மட்டுமே இத்தனை பெரிய இடைவெளியை உண்டாக்குமா?

அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி மாறும், தி.நகர் சந்து ஒன்றில் இருக்கும் சின்ன நர்சிங் ஹோமில் டாக்டர் ஒருவர்தான். தலைப்பிரசவம் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் இழுக்கும். சிசேரியன் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். டாக்டர் மேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது. ஆயில்யம் வேண்டாம், மூலம் வேண்டாம், ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வரும் குடும்பங்கள் மயிலாப்பூரில் புதிதல்ல.

இன்னொரு காரணம், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீடே பதறும் அந்த வாக்கியம்: “கழுத்துல கொடி சுத்தியிருக்கு.” நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் கொடி சுற்றித்தான் இருக்கும். தலை வெளியே வந்ததும் விரலை நுழைத்து, மாலையைக் கழற்றுவதுபோலக் கழற்றிவிடுவார்கள். அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போனால் கதை வேறு. நஞ்சு கருப்பை வாயை அடைத்திருந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும் யோசிக்கவே கூடாது. அங்கே கத்திதான் இரண்டு உயிரையும் காப்பாற்றுகிறது.

ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. கூடவே, மைக்கேல் ராப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் வகுத்த பத்துப் பிரிவுகளின்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கணக்கு வைக்கவும் பரிந்துரைத்தது.

அந்த முதல் பிரிவை நீங்களும் கேட்கலாம்: “தலைப்பிரசவம், ஒரே குழந்தை, மாதம் நிறைஞ்சு, தலை கீழே இருந்து, தானா வலி எடுத்தவங்கள்ல எத்தனை பேருக்கு இங்கே சிசேரியன் ஆச்சு, டாக்டர்?” மொத்தக் கணக்கைக் கேட்டால், வருவதெல்லாம் சிக்கலான கேஸ் என்று பதில் வரும். இந்தக் கேள்வியில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை.

(அடுத்த வாரம்: முழங்கால் மாற்று)