மாதம் சூரியனுக்கு, விரதம் சந்திரனுக்கு

தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும்போது சித்திரை பிறக்கிறது; ரிஷபத்துக்குப் போனால் வைகாசி. ஒரு ராசியைக் கடக்க எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள்தான் மாதம்; அது 29 முதல் 32 வரை மாறும். ஆனால் ஏகாதசி, சஷ்டி, சதுர்த்தி, பிரதோஷம், அமாவாசை என்று வீடுகளில் இருக்கும் விரதங்களில் பெரும்பாலானவை சந்திரனின் கணக்கில் வருபவை. 2022-இல் அக்டோபர் 24 அன்று வந்த தீபாவளி மறு ஆண்டு நவம்பர் 12-க்குப் போனதும், அதைத் தொடர்ந்து கந்த சஷ்டி தள்ளிப்போனதும் இந்த இரட்டைக் கணக்கால்தான்.

சந்திரக் கணக்கின் அடிப்படை திதி. அமாவாசை முடியும் கணத்தில் சூரியனும் சந்திரனும் வான வட்டத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கிருந்து சந்திரன் நாளுக்குச் சுமார் 13 பாகையும், சூரியன் சுமார் 1 பாகையும் நகர்கின்றன. இரண்டுக்கும் இடையே 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது. விலகல் 120 பாகையைத் தொடும்போது வளர்பிறை ஏகாதசி தொடங்கி, 132-இல் முடிகிறது. 360 பாகைக்கு 30 திதிகள். இந்த முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 29½ நாள் ஆகிறது.

சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமியை நெருங்கி வரும்போது விரைவாகவும், விலகியிருக்கும்போது மெதுவாகவும் நகரும். எனவே ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். நடுப்பகலில் தொடங்கும், நள்ளிரவில் முடியும். ஒரு சூரிய உதயத்துக்குப் பின் பிறந்து மறு உதயத்துக்கு முன்பே முடிந்துபோகும் திதியும் உண்டு. அப்படி ஒரே நாளில் மூன்று திதிகள் படும் நாளைப் பஞ்சாங்கம் ‘அவமாகம்’ என்று குறிக்கிறது.

பஞ்சாங்கத்தில் திதிக்கு எதிரே இருக்கும் எண் அது முடியும் நேரம். ‘ஏகாதசி 32-15’ என்றால் சூரிய உதயத்திலிருந்து 32 நாழிகை 15 விநாடி வரை ஏகாதசி என்று பொருள். நாழிகைக்கு 24 நிமிடம். பஞ்சாங்கத்தின் விநாடி 24 நொடி. கணக்கிட்டால் 12 மணி 54 நிமிடம். காலை 6 மணிக்கு உதயம் என்றால் மாலை 6.54-க்குத் துவாதசி பிறந்துவிடும்.

திதி இப்படி இரண்டு நாளைத் தொடும்போது விரதம் எந்த நாளில்? ஒவ்வொரு விரதமும் தனக்கென ஒரு பொழுதை வைத்திருக்கிறது. அந்தப் பொழுதில் திதி இருக்க வேண்டும் என்பதே விதி. பிரதோஷத்துக்குச் சூரியன் மறையும் வேளையில் திரயோதசி வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது தேய்பிறைச் சதுர்த்தி வேண்டும். மகா சிவராத்திரிக்கு நள்ளிரவில் மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி. ஏகாதசிக்கு விதி இரண்டு. ஸ்மார்த்தர்கள் சூரிய உதயத்தைப் பார்க்கிறார்கள். வைணவர்கள் உதயத்துக்கு 4 நாழிகை முன்பு, அதாவது 96 நிமிடம் முன்பு, தசமி ஒட்டிக்கொண்டிருந்தாலே அந்த நாளை விட்டு மறுநாள் உபவாசம் இருக்கிறார்கள். நாள்காட்டியில் அடுத்தடுத்து இரண்டு ஏகாதசி அச்சாவதற்கு இதுவே காரணம். துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காயுடன் பாரணை செய்தால்தான் விரதம் நிறைவுறும்.

திதி முடியும் கணம் உலகம் முழுதுக்கும் ஒன்றே. உதயமும் அஸ்தமனமும் ஊருக்கு ஊர் வேறு. சென்னைக்கும் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்கும் சில நிமிட வித்தியாசம்தான், அது விரத நாளை அரிதாகவே மாற்றும். டொரண்டோவில் இருப்பவர்களுக்கு ஊர் நாள்காட்டி அப்படியே பொருந்தாது. அங்கே ஏகாதசி சில சமயம் ஒரு தேதி முன்னதாகவே வந்துவிடும்.

திதியைப் போலவே நட்சத்திரமும் நாள் குறிக்கிறது. சந்திரன் நிற்கும் வான்பகுதியின் பெயரே அன்றைய நட்சத்திரம். இந்த இரண்டு முறையையும் ஒரே கோயிலில் பார்க்க வேண்டுமென்றால் சேத்தியாத்தோப்புக்காரர்கள் சிதம்பரம் வரை போனால் போதும். நடராஜருக்கு ஆண்டில் ஆறு அபிஷேகம். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்றும் நட்சத்திரத்தால் வருபவை. ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசி மூன்றும் திதியால் வருபவை. திருவாதிரை நோன்பும் களியும் இந்தச் சுற்றிலேயே அடங்கும். வடலூர் சத்திய ஞான சபையின் தைப்பூச ஜோதி தரிசனமும், ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் மாசி மகமும் நட்சத்திர நாள்களே. எல்லாவற்றிலும் மாதத்தைச் சூரியன் தர, நாளைச் சந்திரன் தருகிறது.

பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாள்தான். சூரிய ஆண்டை விட 11 நாள் குறைவு. அந்தக் குறையை இஸ்லாமிய நாள்காட்டி ஈடுகட்டுவதில்லை. அதனால் லால்பேட்டையில் ரமலான் நோன்பு ஆண்டுதோறும் முன்னேறி, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. தெலுங்கு, கன்னட நாள்காட்டிகள் ஏறக்குறைய 32, 33 மாதங்களுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் சேர்க்கின்றன. தமிழ் மாதம் சூரியனுடையது என்பதால் இங்கே சேர்க்க எதுவும் இல்லை. அதற்குப் பதில் சில மாதங்களில் இரண்டு அமாவாசை விழும். 2023-இல் ஆடி முதல் தேதியும் அமாவாசை, 31-ஆம் தேதியும் அமாவாசை. தர்ப்பணம் எப்போது என்று பலரும் குழம்பினார்கள். பெரும்பாலான தலங்களில் ஆகஸ்ட் 16-இல் வந்த இரண்டாவதையே ஆடி அமாவாசையாகக் கொண்டார்கள். அதே ஆண்டு தெலுங்கில் அதிக சிராவணம் வந்தது. காரணம் ஒன்றே.

19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய சமம் என்பது அழகான பொருத்தம். ஸ்ரீரங்கத்தில் சுமார் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை வைகுண்ட ஏகாதசி கார்த்திகையிலேயே கொண்டாடப்படுவது இந்தச் சுழற்சியோடு ஒத்துப்போகிறது. 2021-இல் அங்கே டிசம்பர் 14 அன்று பரமபத வாசல் திறந்தது. மற்ற பல கோயில்களில் 2022 ஜனவரி 13.

இனி, வீட்டுக்கு வீடு வாக்குவாதம் எழும் இடம்: வாக்கியமா, திருக்கணிதமா? வாக்கியப் பஞ்சாங்கம் வரருசியின் பெயரால் வழங்கும் பழைய சூத்திரங்களைக் கொண்டது. எழுத்துகளையே எண்களாக்கி, சந்திரனின் நிலையை 248 வாக்கியங்களில் அடக்கிய முறை அது. இதன் ஆற்றலுக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து அதிக தூரமில்லாத புதுச்சேரியிலேயே சாட்சி இருக்கிறது. 1825-இல் அங்கிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஜான் வாரன் தன் ‘கால சங்கலித’ நூலில் அதைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. காகிதமும் தொலைநோக்கியும் இன்றி இதைச் செய்தது பெரும் சாதனை.

திருக்கணிதம் நவீன வானியல் எண்களைப் பயன்படுத்துவது. மேகநாத் சாஹா தலைமையிலான நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் தந்த அறிக்கையின்படி, 1957 மார்ச் 22 முதல் மத்திய அரசின் தேசிய நாள்காட்டியும் நவீன கணிதத்தில் வருகிறது. பழைய வாக்கியங்களில் சந்திர கதியின் சில திருத்தங்கள் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இதனால் வரும் வித்தியாசம் குறைவு. அஷ்டமியை ஒட்டிச் சில மணி நேரம் வரை போகும். ஏகாதசியில் தகராறு அதிகம், அமாவாசையில் குறைவு என்பதன் காரணம் இது.

வானத்தில் சந்திரன் உண்மையில் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்குத் திருக்கணிதமே சரி. கோயில் எந்த நாளில் விழா எடுக்கிறது என்பது அந்தக் கோயிலின் மரபு. வீட்டில் விரதம் இருப்பவர்கள் ஏதேனும் ஒரு பஞ்சாங்கத்தைத் தேர்ந்து ஆண்டு முழுதும் அதையே பின்பற்றுவது நல்லது. ஏகாதசிக்கு ஒன்று, பாரணைக்கு இன்னொன்று என்று மாற்றினால் இரண்டு கணக்கும் கெடும்.