சென்னையில் பச்சையாக உதித்த சூரியன்!

சூரியன் பச்சையாகத் தெரிகிறது என்று சொன்னால், “என்னப்பா, தலை சுற்றுகிறதா?” என்று கேட்பார்கள். ஆனால் 1883-ம் ஆண்டு செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் சென்னைவாசிகள் அதைக் கண்ணாரக் கண்டார்கள். அடிவானத்தை ஒட்டி நின்ற சூரியன் பச்சை, நீலம் என்று நிறம் காட்டியது. இலங்கையிலும் இதே காட்சிதான்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கருவியை வைத்துக்கொண்டு இந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்தார். பிற்காலத்தில் கொடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவர் ஆனவர் இவர்தான்.

யார் செய்த வேலை?

சுமார் 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு மலை செய்த வேலை! ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடலில் இருந்த கிரகடோவா எரிமலை, ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெடித்துச் சிதறியது. கடல் பொங்கி ஊர்களை விழுங்கியது. 36 ஆயிரம் பேருக்கு மேல் பலியானார்கள். எரிமலை கக்கிய தூசியும் கந்தகப் புகையும் மழை மேகங்களுக்கு மேலே போய், மேற்கு நோக்கி ஓடி, சுமார் இரண்டே வாரத்தில் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டன.

சாதாரணமாகக் காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். அதனால்தான் அந்திச் சூரியன் சிவப்பு. தூசி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தால் கதை தலைகீழ். சிவப்பு ஒளி சிதறிப்போகும். பச்சையும் நீலமும்தான் நம் கண்ணுக்கு வந்து சேரும்.

தீயணைப்பு வண்டி ஓட்டம்

அந்த நவம்பரில் அமெரிக்காவில் வேறு கூத்து. பொழுது சாய்ந்த பிறகும் மேற்கு வானம் தகதகவென்று எரிந்தது. நியூ ஹேவன், பொகீப்சி நகரங்களில் எங்கோ பெரிய நெருப்பு என்று பதறிப்போய்த் தீயணைப்பு வண்டிகளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அணைக்கத்தான் தீ இல்லை! சூரியன் இறங்கிய பிறகும், ரொம்ப உயரத்தில் இருந்த தூசிப் படலத்தின் மேல் வெயில் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வேடிக்கையோடு போகவில்லை. சாம்பல் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். கந்தகப் புகையோ அமிலத் துளிகளாக மாறி மேலேயே தங்கிவிடும். அங்கே மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. வருகிற வெயிலில் ஒரு பகுதியை அது வந்த வழியே திருப்பி அனுப்பும். கொஞ்சத்தைத் தானே விழுங்கி மேல்காற்றைச் சூடாக்கும். கீழே பூமி குளிரும்.

குளிர்ந்தால் நல்லதுதானே என்று சென்னைக்காரர்கள் நினைக்கலாம். இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை 1815-ல் வெடித்தபோது, மறுவருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் விளையவில்லை. தானிய விலை ஏறியது. சுவிட்சர்லாந்தில் பஞ்சம்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, செயற்கைக் கோள்கள் கணக்கெடுத்தன. மேலே போன கந்தக டை ஆக்சைடு சுமார் 2 கோடி டன். அடுத்த வருடம் உலகத்தின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது. அந்தப் படலம் கலைந்து தீர இரண்டு, மூன்று வருடம் பிடித்தது.