மல்லிகைக்கும் கவாத்து உண்டு

பூச்செடி வளர்ப்பதில் ஆசையுள்ள குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அதை வெட்டத் துணிவுள்ள குடும்பங்களோ மிகச் சில. தழைத்து நிற்கும் மல்லிகையில் கத்தி வைப்பது பாவம் என்றே பலர் கருதுகிறார்கள். அதனால் விளைவது என்ன? செடி ஆண்டுக்கு ஆண்டு நீண்டு படர்கிறது, இலை மண்டுகிறது, பூ மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில், மண்ணில் சாரமில்லை என்று தீர்ப்புக் கூறி வேரோடு பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். வெட்ட மறுத்த அன்பே செடிக்கு யமனாக முடிகிறது!

கிளைகளை அளவறிந்து நறுக்குவதற்குத் தோட்டக்காரர்கள் 'கவாத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் செய்யும் கவாத்துக்கும் இதற்கும் பெயர் ஒன்றே. ஒழுங்குபடுத்துவது என்ற வகையில் நோக்கமும் ஏறக்குறைய ஒன்றே.

செடி உறங்கும் பருவத்தில் கவாத்துச் செய்ய வேண்டும் என்பது பொது விதி. ஐரோப்பாவில் இது எளிது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து செடி மொட்டையாக நிற்கும். அது உறங்குவதைக் குழந்தையும் அறியும். திருவள்ளூர்ப் பக்கத்தில் உறைபனி ஏது? நம் குண்டுமல்லிகை இலை முழுவதையும் உதிர்ப்பதுமில்லை. எனினும் அதற்கும் ஓர் உறக்கம் உண்டு. கார்த்திகை மார்கழியில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் துளிர் விடுவது தளர்கிறது, பூவும் அருகுகிறது. மல்லிகை கண்ணயரும் சமயம் அதுவே.

ஆகையால், நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லிகையைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டுமாறு கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இவ்விரண்டுக்கும் உயரம் 45 சென்டிமீட்டர்.

வெட்டினால் ஏன் பூக்க வேண்டும் என்று கேட்கலாம். கிளையின் நுனியில் 'ஆக்ஸின்' என்னும் ஒரு பொருள் சுரந்து கீழ்நோக்கி இறங்குகிறது. அது கணுக்களிலுள்ள மொட்டுகளைத் தலையெடுக்க விடுவதில்லை. இந்த உண்மையை 1933-ஆம் ஆண்டில் திமான், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். நுனி போனதும் அடங்கிக் கிடந்த கணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் பல துளிர்கள் கிளம்புகின்றன. மல்லிகை அரும்புவதோ புதுத் துளிரின் நுனியிலேதான். துளிர் பெருகினால் பூவும் பெருகுமல்லவா?

வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத காலம் அது. ஆதலால் மழை விட்டு வெயில் காயும் நாளாகப் பார்த்துக் கத்தரியை எடுங்கள். கத்தரி கூராக இருக்கட்டும்; மழுங்கிய கத்தி கிளையை நசுக்கிவிடும். உலர்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றன்மேல் ஒன்று உராயும் கிளை ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். மற்றவற்றைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். தடித்த கிளைகளின் வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைத் தடவினால் பூஞ்சணம் அண்டாது. பிறகு செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இட்டு, அளவாக நீர் பாய்ச்சினால் போதும்.

இதில் ஒரு தியாகமும் உண்டு. மார்கழியிலும் தையிலும் மல்லிகை கிடைப்பது அரிது. கடைத்தெருவில் அதன் விலை மிக உயர்ந்துவிடும். பூத்தோட்டம் வைத்துப் பிழைக்கும் விவசாயி அந்தச் சமயத்தில்தான் தன் செடிகளை வெட்டவேண்டியிருக்கிறது. இன்று கிடைக்கும் நாலு காசைப் பெரிதென்று எண்ணினால் கோடையின் கூடைப் பூவை இழக்க நேரும். அவருக்கு இது வயிற்றுப் பிரச்சினை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, வாசலில் ஒரே ஒரு மல்லிகைப் புதர் வைத்திருக்கும் குடும்பத்துக்கோ இழப்பு, பொங்கலன்று தலையில் சூட ஒரு முழம் பூ, அவ்வளவுதான்.

அந்த ஒரு முழத்தை இவ்வாண்டு விட்டுக்கொடுங்கள். பங்குனி பிறந்ததும் செடியே வட்டியுடன் கணக்கைத் தீர்க்கும்.