கஞ்சி வார்த்த கைகள்

மறைப்பணி என்றதும் கொடுக்கச் செல்லும் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. கடல் கடந்து செல்பவர் போதிப்பார், திருவருட்சாதனங்களை வழங்குவார், அங்குள்ளோர் பெற்றுக்கொள்வர். இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசவ்வாஸ் அடிகளாரின் வரலாறோ வேறொரு முனையிலிருந்து தொடங்குகின்றது.

1651இல் கோவாவில் பிறந்த அவர், 1687இல் யோவான் என்னும் பணியாளருடன், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். கொங்கணி மொழி பேசிய அவருக்கு இங்கு அறிந்தவர் எவருமில்லை. வந்தவுடனேயே கடும் வயிற்றோட்டம் அவரை வீழ்த்தியது. தெருவோரத்தில் கிடந்த அந்த அந்நியருக்கு இரக்கமுள்ள பெண்ணொருத்தி கஞ்சி வார்த்து உயிர் காத்தாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. குருவானவர் எவருக்கும் திருவுணவு வழங்குமுன், இம்மண்ணின் உணவு அவருக்கு வழங்கப்பட்டது. எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, வைக்கப்படுவதை உண்ணுமாறு ஆண்டவர் பணித்ததன் பொருளை யோசவ்வாஸ் தம் உடலிலேயே கற்றுக்கொண்டார்.

உடல் தேறியபின், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றுச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே தம்மவர் என அறிந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருக்களின்றி வாழ்ந்த மக்கள், விசுவாசத்தைத் தாமே காத்து வைத்திருந்தார்கள். அதை அவர் கொண்டுவரவில்லை, ஈண்டு கண்டெடுத்தார். இது மறையுரைகளில் அதிகம் பேசப்படாத உண்மை.

இந்த வரவேற்புக்கு விலை இருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658இலேயே அறிவித்திருந்தனர். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் இறைமக்கள் கூடியிருந்த வேளை படைவீரர் புகுந்தனர். குரு தப்பினார், மக்கள் சிறைப்பட்டனர், கசையடிபட்டனர். அடைக்கலம் பெற்றவரைக் காட்டிலும் அடைக்கலம் கொடுத்தவர்களே அன்று அதிகம் இழந்தனர் என்பேன்.

நம் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அந்நியராய்ச் சென்று இறங்குகையில், அங்குள்ள பங்கில் ஒருவர் முகமலர்ச்சி காட்டமாட்டாரா என இங்கிருந்து ஏங்குகின்றோம். வெள்ளவத்தைக் கடைகளின் மாடியறைகளில் தங்கி வேலை செய்யும் மலையக இளைஞருக்கும், கொட்டாஞ்சேனையில் வாடகை அறை தேடும் வன்னிக் குடும்பத்துக்கும் அதே ஏக்கம் உண்டு. ஞாயிறு திருப்பலியில் அவர்கள் பெரும்பாலும் கடைசி வாங்கிலேயே அமர்கின்றனர். காய்ச்சல் கண்டால் அவர்களுக்குக் கஞ்சி வைப்பவர் யார்?

யோசவ்வாஸ் பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியம் சென்றார். 1692இல் போர்த்துக்கேயரின் உளவாளி எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அங்கே சிங்களம் கற்றார். தமிழை யாழ்ப்பாணத்து ஏழைகளிடமும் சிங்களத்தைக் காவலிலும் பயின்ற அவருக்கு மொழியே முதல் மறைப்பணி. அவருக்குத் துணையாக 1705இல் வந்த அருட்தந்தை ஜாக்கோமே கொன்சால்வெஸ் இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றும் அளவுக்கு அவ்வழியில் முன்சென்றார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரை விட்டு நீங்கினான்; நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். யோசவ்வாஸும் அவரது மருமகனான அருட்தந்தை கர்வாலோவும் குடிசைகள் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். மதம் பாராது அனைவரையும் பேணினர். யாழ்ப்பாணத் தெருவோரத்தில் நோயாளியாய்க் கிடந்தவர் அல்லவா அவர்? படுத்துக் கிடப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது எதுவென்று எவரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவர் கோவாவுக்குத் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, முந்திய இரவே வந்து பாய் விரித்துக் காத்திருந்த குடும்பங்கள் பல.