உறைபனி வீதிகளில் குடும்பக் கார்கள்

கனடாவிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் நவம்பர் மாதம் பிறந்ததும் வீதிகளின் இயல்பு மாறத் தொடங்கிவிடுகின்றது. முதல்நாள் மாலை வரை எவ்வித சிரமமுமின்றி ஓடிய ஒரு சாதாரண குடும்பக் கார் மறுநாள் அதிகாலையில் வீட்டு வாசலை விட்டு வெளியேறவே தடுமாறுகின்றது. காரும் அதே கார், சாரதியும் அதே சாரதி. ஆனால், சில்லுகளுக்கும் வீதிக்கும் இடையே ஒரு மெல்லிய பனிப்படலம் புகுந்துவிட்டது. அந்தப் படலம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர்களைக் காவுகொண்டு வருகின்றது.

வெண்பனியையே கண்டிராத எமது நாட்டு வாசகர்களுக்கு இது தொலைதூரத்து விடயமாகத் தோன்றலாம். எனினும், இன்று ரொறன்ரோ, மொன்றியல், ஒஸ்லோ, சூரிச் போன்ற நகரங்களில் உறவினர் எவரும் இல்லாத தமிழ்க் குடும்பங்களைக் காண்பது அரிது. மேற்கு நாடுகளில் பிள்ளைகள் வாழும் முஸ்லிம் குடும்பங்களும் பலவுள்ளன. இவர்களுள் கணிசமானோர் எமது வீதிகளில் வாகனம் ஓட்டிப் பழகிய கைகளோடு அங்கு சென்றவர்கள். எனவே, பனி படர்ந்த வீதியில் ஒரு சாதாரண கார் எவ்வாறு நடந்துகொள்கின்றது, அதனைப் பாதுகாப்பது எது என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

ஒரு காரின் நான்கு டயர்களும் வீதியைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு இடத்திலேயே நிலத்தில் பதிகின்றது. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள வாகனம் புறப்படுவதும், திரும்புவதும், நிற்பதும் இந்த நான்கு உள்ளங்கையளவு பரப்புகளில் கிடைக்கும் உராய்வைக் கொண்டேயாகும். உலர்ந்த தார் வீதியில் உராய்வுக் குணகம் 0.8 அளவில் இருக்கும். இறுகிய வெண்பனியில் அது ஏறத்தாழ 0.2 ஆகவும், பனிக்கட்டியில் 0.1 ஆகவும் குறைந்துவிடுகின்றது. உருகத் தொடங்கிய ஈரப் பனிக்கட்டியில் அதனிலும் குறைவாகும்.

இந்த எண்களின் உண்மையான பொருள் பிரேக்கை மிதிக்கும்போதுதான் விளங்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடிக்கத் தொடங்கிய இடத்திலிருந்து உலர்ந்த வீதியில் சுமார் 12 மீற்றரில் நின்றுவிடும். இறுகிய வெண்பனியில் அதற்குச் சுமார் 50 மீற்றரும், பனிக்கட்டியில் சுமார் 100 மீற்றரும் தேவைப்படும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் பனிக்கட்டியின் மீது நிற்பதற்குச் சுமார் 250 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்டு சாரதி பிரேக்கை மிதிப்பதற்குள் கார் கடந்துவிடும் தூரம் இவற்றில் சேர்க்கப்படவில்லை.

பனி எல்லா வேளையிலும் ஒரே தன்மை உடையதல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, பூச்சியம் பாகை செல்சியசுக்கு அண்மையிலுள்ள பனிக்கட்டியே கூடுதலாக வழுக்கும். அதன் மேற்பரப்பில் படரும் நீர்ப்படலமே இதற்குக் காரணமாகும். இதனால், குளிர் சற்றுக் குறைந்துவிட்டதென எண்ணிச் சாரதிகள் மனந்தளரும் நாட்களே பல சமயங்களில் ஆபத்து மிகுந்தவையாக அமைகின்றன. 'கறுப்புப் பனிக்கட்டி' எனப்படுவது உண்மையில் நிறமற்றது. அதனூடாகக் கீழேயுள்ள தார் தெரிவதால் வீதி வெறுமனே நனைந்திருப்பதைப் போலவே தோன்றும். மேலும், பாலங்களின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் குளிர்காற்று ஒருங்கே தாக்குவதால், ஏனைய இடங்களுக்கு முன்னதாகவே பாலங்கள் உறைந்துவிடுகின்றன. வீதிகளில் தூவப்படும் உப்பு பனியை உருக்குவது உண்மையே. ஆயினும், வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 10 பாகையளவுக்குச் செல்லும்போது சாதாரண உப்பின் வேகம் பெரிதும் மந்தமடைகின்றது. எனவே, உப்புத் தூவப்பட்ட வீதியெல்லாம் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

அடுத்ததாக, காரின் அமைப்பை நோக்குவோம். இன்றைய குடும்பக் கார்களில் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுக்கப்படுபவை. எஞ்சினின் எடை அச்சில்லுகளின் மீதே அழுத்துவதால், பனியில் புறப்படுவதற்கும் சிறு ஏற்றங்களில் ஏறுவதற்கும் அவற்றுக்கு நல்ல பிடி கிடைக்கின்றது. சுவீடனின் சாப் நிறுவனம் 1949 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய தனது முதலாவது காரையே முன்சில்லு இழுவை கொண்டதாக அமைத்தது. பின்சில்லுகளால் தள்ளப்படும் கார்கள் பனியில் வால்புறம் விலகிச் சுழலும் இயல்புடையவை.

நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனங்கள் பற்றித்தான் தவறான நம்பிக்கை பரவலாகக் காணப்படுகின்றது. அவை பனிக்குள்ளிருந்து இலகுவாகப் புறப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நிறுத்துவதைப் பொறுத்தவரை எல்லாக் கார்களுமே நான்கு சில்லுகளிலும் பிரேக் உடையவை. ஆகவே, நான்கு சில்லு இழுவையினால் நிற்கும் தூரம் ஒரு மீற்றரேனும் குறைவதில்லை. வளைவில் வழுக்காமல் இருப்பதற்கும் அது உத்தரவாதமன்று. இலகுவாகப் புறப்பட முடிந்த காரணத்தினாலேயே வீதி எவ்வளவு வழுக்கலானது என்பதை உணராத சாரதி, வேகத்தைக் கூட்டிவிடுகின்றார். பனிப்புயலுக்குப் பின்னர் பெருந்தெருவோரக் கிடங்குகளில் விலையுயர்ந்த நான்கு சில்லு வாகனங்களும் கிடப்பதற்கு இதுவே காரணம்.

மின்னணுக் கருவிகளைப் பற்றியும் இங்கு குறிப்பிட வேண்டும். சில்லுகள் பூட்டுண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் முறைமை 1978 ஆம் ஆண்டில் பொஷ் நிறுவனத்தினால் மேர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காக வழங்கப்பட்டது. கார் சுழலத் தொடங்கும்போது உரிய சில்லுக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து அதனை நேர்ப்படுத்தும் ஈ.எஸ்.சி. முறைமை 1995 இல் பாவனைக்கு வந்தது. கனடாவில் 2011 செப்டெம்பர் முதல் தயாரிக்கப்படும் புதிய பயணிகள் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இவை பெரும் பயன் விளைவித்தவை என்பதை எவரும் மறுக்க முடியாது. எனினும், இவை கிடைக்கும் உராய்வைத் திறம்படப் பயன்படுத்துகின்றனவே தவிர, இல்லாத உராய்வை உருவாக்குவதில்லை. ஏ.பி.எஸ். இன் பிரதான பணி, பிரேக் பிடிக்கும் வேளையிலும் காரைத் திருப்பக்கூடியதாக வைத்திருப்பதாகும். உதிரியான வெண்பனியில் அது நிற்கும் தூரத்தைச் சற்றுக் கூட்டவும் கூடும். பழைய கார்களில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கப் பழகியவர்கள், ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசர வேளையில் அதனை உறுதியாக மிதித்தபடியே இருத்தல் வேண்டும். அப்போது காலடியில் உணரப்படும் அதிர்வு கோளாறு அல்ல. கருவி வேலை செய்வதன் அறிகுறியாகும்.

அவ்வாறாயின் உராய்வைக் கூட்டுவதற்கு வழியே இல்லையா? உண்டு. அது டயரில் இருக்கின்றது. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடைகால டயரின் இறப்பர் இறுகத் தொடங்குகின்றது. சகல பருவங்களுக்கும் உரியவை என விற்கப்படும் டயர்களும் கடுங்குளிரில் இறுகிப் பிடியை இழக்கின்றன. குளிர்கால டயர்களின் இறப்பர்க் கலவையோ குளிரிலும் மென்மையாகவே இருக்குமாறு தயாரிக்கப்படுகின்றது. அவற்றின் ஆழமான தவாளிப்புகளுக்குள் வெண்பனி அடைபட்டு, வீதியிலுள்ள வெண்பனியைப் பற்றிக்கொள்கின்றது. மேற்பரப்பிலுள்ள எண்ணற்ற மெல்லிய கீறல்கள் பனிக்கட்டியின் மீது விளிம்புகளாக நின்று பிடிக்கின்றன. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரையப்பட்ட முத்திரை, வெண்பனியில் குறிப்பிட்ட அளவு பிடி தருவதாகச் சோதிக்கப்பட்ட டயரைக் காட்டுவதாகும்.

செலவைக் குறைப்பதற்காக இரண்டு குளிர்கால டயர்களை மட்டும் முன்புறத்தில் பூட்டிக்கொள்வோர் உள்ளனர். இது ஆபத்தான சிக்கனமாகும். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் செல்வதால் கார் வளைவில் சுழன்றுவிடும். நான்கையும் மாற்றுவதே முறையாகும். ஆண்டில் சில மாதங்கள் ஒரு தொகுதியும் எஞ்சிய மாதங்களில் மற்றத் தொகுதியும் தேய்வதால், இரண்டும் நீண்டகாலம் உழைக்கின்றன. ஆகவே, இரண்டாவது தொகுதிக்கான செலவு முழுவதும் மேலதிகச் செலவு அல்ல.

சாரதியின் பங்கு இதனோடு இணைந்தது. டயருக்குக் கிடைக்கும் பிடி ஒரு குறிப்பிட்ட அளவினதே. அதனைப் பிரேக்குக்கும் திரும்புதலுக்கும் பங்கிட வேண்டியுள்ளது. ஆகையால், வளைவை அடைவதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். ஸ்டியரிங், பிரேக், அக்சிலரேட்டர் ஆகிய மூன்றையும் மென்மையாகவே கையாளல் வேண்டும். முன்னே செல்லும் வாகனத்துடனான இடைவெளியைப் பல மடங்காகக் கூட்ட வேண்டும். கார் திரும்ப மறுத்து நேரே வழுக்கிச் சென்றால், அக்சிலரேட்டரை விட்டு ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கினால் முன்சில்லுகள் மீண்டும் பிடியைப் பெறும். பின்பக்கம் விலகினால், செல்லவேண்டிய திசையை நோக்கிப் பார்வையைச் செலுத்தி, அத்திசைக்கே ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். புறப்படுமுன் கண்ணாடிகளில் மட்டுமன்றிக் கூரையிலுள்ள பனியையும் அகற்றுதல் அவசியம். இல்லையேல் பிரேக் பிடித்ததும் அது முன்கண்ணாடியில் சரிந்து பார்வையை மறைத்துவிடும்.

பனிப்புயலில் கார் சிக்கிக்கொண்டால் பின்பற்றவேண்டிய ஒரு விடயம் உயிரோடு தொடர்புடையது. சூட்டிற்காக எஞ்சினை இயங்கவிட்டுக் காத்திருக்கும்போது புகைபோக்கிக் குழாய் பனியால் அடைபட்டால், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு காருக்குள் புகுந்து உள்ளேயிருப்போரை மயக்கிக் கொன்றுவிடும். குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிய பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். அதனையும் இடைவிட்டு, யன்னலைச் சற்றுத் திறந்துவைத்தே செய்தல் வேண்டும்.

இவ்வளவும் தனிமனிதரின் விழிப்புணர்வுக்கு மட்டும் விடப்படவேண்டியவையா என்ற கேள்விக்கு அரசுகள் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 ஆம் ஆண்டில் குளிர்கால டயர்களைக் கட்டாயமாக்கியது. டிசெம்பர் 15 இல் ஆரம்பித்த இக்காலப்பகுதி, 2019 முதல் டிசெம்பர் 1 இலிருந்து மார்ச் 15 வரை என நீடிக்கப்பட்டது. சுவீடனில் குளிர்கால வீதிநிலை நிலவும்போது டிசெம்பர் முதல் மார்ச் இறுதிவரை அவை கட்டாயமானவை. நோர்வேயில் கார் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோர், வழுக்கும் தளத்தில் வாகனம் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாகப் பெறவேண்டியுள்ளது. அந்தப் பயிற்சியின் நோக்கம் சாரதியைச் சாகசக்காரராக்குவதன்று. கட்டுப்பாடு எவ்வளவு விரைவில் கைநழுவிப் போகின்றது என்பதை, ஆபத்தில்லாத இடத்தில் அவருக்கு உணர்த்துவதேயாகும்.

இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வாழும் ரொறன்ரோ நகரம் அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்திலோ குளிர்கால டயர் கட்டாயமில்லை. அவற்றைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு வழங்கவேண்டுமென்ற விதி 2016 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ளது. எனினும், இறுதி முடிவு சாரதியின் கையிலேயே விடப்பட்டுள்ளது. கோடைகாலத்தில் சாரதிச் சோதனைக்குத் தோற்றிச் சித்தியடைந்த ஒருவர், வாழ்வில் ஒருமுறையேனும் வழுக்கலை அனுபவிக்காமலே டிசெம்பர் மாத அதிகாலையில் வேலைக்குப் புறப்பட முடியும். புதிதாகக் குடியேறியவருக்குக் கடன்சுமை, வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவற்றின் நடுவே இரண்டாவது தொகுதி டயர்கள் தவிர்க்கக்கூடிய செலவாகத் தோன்றுவது இயல்பே. வேலைக்குப் பிந்தினால் ஊதியம் குறையும் என்ற அச்சம் அவரது வேகத்தைக் கூட்டவும் செய்யும். சட்டம் ஒதுங்கி நிற்கும் இடத்தில் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் இத்தகையவர்களே.

ஆகவே, சட்டம் செய்யாததைக் குடும்பங்களும் சமூக அமைப்புகளும் செய்யவேண்டிய நிலையுள்ளது. முன்னரே குடியேறியவர்கள், புதிதாக வருவோரை முதலாவது வெண்பனி நாளில் வெறுமையான வாகனத் தரிப்பிடமொன்றுக்கு, உரியவரின் அனுமதியுடன் அழைத்துச் சென்று, குறைந்த வேகத்தில் பிரேக்கை மிதித்துப் பார்க்கச் செய்வதே பெரும் உதவியாகும். கார் வாங்குவதற்குப் பணம் ஒதுக்கும்போதே நான்கு குளிர்கால டயர்களுக்கும் சேர்த்து ஒதுக்குதல் வேண்டும். ஆடம்பரமான பெரிய வாகனத்தில் இறுகிய டயர்களோடு செல்பவரைவிட, பழைய சிறிய காரில் நல்ல டயர்களோடு நிதானமாகச் செல்பவரே பத்திரமாக வீடு திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ளவர்.

இங்கிருக்கும் பெற்றோருக்கும் இதில் ஒரு பங்குண்டு. அனுப்பிய பணம் வந்துசேர்ந்ததா என்று கதைக்கும் தொலைபேசி உரையாடலில், டயர் மாற்றியாகிவிட்டதா என்ற கேள்வியும் இடம்பெறுமாயின், அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும். மாதாந்தம் வரும் பணம் ஒரு மாதம் பிந்துவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் உயிருக்கு அவ்வாறு தவணை கிடையாது என்பதை நாம் அனைவரும் மனதிற்கொள்வது அவசியமாகும்.