சட்டகம் புதிதாயின் நூலகங்கள் முரண்படுவதேன்?



வங்கிக் கணக்கைப் பார்வையிடுவதும், பரீட்சைப் பெறுபேற்றை அறிவதும், புகையிரத ஆசனத்தைப் பதிவு செய்வதும் இன்று இணையச் செயலிகளின் வழியே நடைபெறுகின்றன. இச்செயலிகளை ஆக்குவோர் அனைத்தையும் அடியிலிருந்து தாமே எழுதுவதில்லை. பலருக்கும் பொதுவாக வேண்டப்படும் வேலைகளுக்கென முன்னரே எழுதித் தொகுக்கப்பட்ட செய்நிரல்களை எடுத்தாளுகின்றனர். இத்தொகுதிகளுக்கு நூலகங்கள் என்று பெயர். செயலி முழுவதற்கும் எலும்புக்கூடு போல் நின்று, எப்பகுதி எவ்விடத்திற் பொருந்தவேண்டும் என வகுத்துத் தருவது சட்டகம். சட்டகத்தைப் புதுப்பிக்கும்போது நூலகங்களிடையே முரண்பாடு தோன்றுவதேன், அதனைத் தீர்ப்பது எங்ஙனம் என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இத்தனை தொல்லை எனின், பழைய சட்டகத்தையே வைத்துக்கொண்டாலென்ன என்று சிலர் வினவலாம். இதற்கு விடை 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றில் உண்டு. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் இணையச் சட்டகத்திற் காணப்பட்ட பாதுகாப்புக் குறை ஒன்றுக்கு அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் எக்குவிபக்ஸ் என்னும் கடன்தகவல் நிறுவனத்தின் செயலி ஒன்றில் அத்திருத்தம் சேர்க்கப்படாதிருந்தது. மே மாதத்தில் அவ்வழியே உட்புகுந்தோர் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்களைக் கவர்ந்தனர். ஆகவே, புதுப்பித்தல் விருப்பத்தைப் பொறுத்த அலங்காரமன்று; மக்கள் நம்பிக்கையைக் காக்கும் கடமையாகும்.

இனி, முரண்பாடு தோன்றும் வகையை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஜாவா மொழியிற் பெரிதும் வழங்குகின்ற ஸ்பிரிங் பூட் என்னும் சட்டகத்தின் 3.0 பதிப்பு 2022 நவம்பரில் வெளியாயிற்று. முந்திய 2.7 பதிப்புக்கு ஜாவா 8 போதுமாயிருந்தது. புதியதற்கோ ஜாவா 17 வேண்டும். இதனினும் பெரியது ஒரு பெயர் மாற்றம். ஒராக்கிள் நிறுவனம் தன் பொறுப்பிலிருந்த ஜாவா ஈஈ என்னும் தொகுதியை 2017இல் எக்லிப்ஸ் அறநிலையத்துக்குக் கையளிக்க முன்வந்தது. ஆயினும் ஜாவா என்னும் வணிகப் பெயரை அது விட்டுக்கொடுக்கவில்லை. 'ஜாவக்ஸ்' என்று தொடங்கும் பெயர்களின் கீழ் மாற்றங்கள் செய்யும் உரிமையும் புதிய பொறுப்பாளருக்குக் கிட்டவில்லை. ஆதலின், 2020இல் வெளியான ஜகார்த்தா ஈஈ 9 பதிப்பில் அப்பெயர்கள் 'ஜகார்த்தா' எனத் தொடங்குமாறு மாற்றப்பட்டன. செய்யும் வேலை பழையதே. பெயர் மட்டும் வேறு. மனிதர்க்கு இது சிறு வேறுபாடு. கணினிக்கோ பெயர் வேறெனின் பொருளும் வேறே.

பழைய பெயரை நம்பி எழுதப்பட்ட நூலகம் புதிய சட்டகத்தோடு இணங்காமை இதனாலேயே. பழைய பெயர்களைக் கொண்ட கோப்பை மீண்டும் அருகில் வைத்துவிட்டால் வழு மறையும் எனச் சிலர் எண்ணுவர். தொகுக்கும் வேளையில் எழும் முறைப்பாடு மறையலாம். ஆயின் சட்டகம் தேடுவது புதிய பெயருடைய பொருளையாதலின், பழைய பெயருடைய பகுதி அழைப்பாரின்றிக் கிடக்கும்.

மற்றொரு வகை முரண்பாடும் உண்டு. பாடசாலை ஒன்றில் தேசப்படத் தொகுதி ஒன்றே உளதெனக் கொள்வோம். புவியியல் ஆசிரியர் புதிய பதிப்பின் 40ஆம் பக்கத்தையும், வரலாற்று ஆசிரியர் பழைய பதிப்பின் 40ஆம் பக்கத்தையும் குறிப்பிடுவாராயின், அலுமாரியில் எப்பதிப்பு இருப்பினும் ஒருவருடைய பாடம் தடைப்படுமன்றோ? அவ்வாறே, இரு நூலகங்கள் மூன்றாவது நூலகமொன்றின் வெவ்வேறு பதிப்புக்களை வேண்டுதல் கூடும். ஜாவாவில் வழங்கும் மேவன் என்னும் கருவி அவற்றுள் ஒன்றை மட்டுமே தெரிந்தெடுக்கும். சார்புமரத்தில் வேருக்கு அண்மையில் உள்ளதையும், தூரம் சமமாயின் முதலில் எழுதப்பட்டதையும் கொள்வது அதன் விதி. புதியதே வெல்லும் என்பதில்லை. செயலி தொடங்கிவிடும், இல்லாத செயற்கூறு ஒன்று அழைக்கப்படும் கணத்திலேயே 'நோ சச் மெதட் எரர்' என்னும் வழு தோன்றும்.

தீர்க்கும் முறை யாது? முதலாவதாக, சார்புமரத்தை அச்சிட்டு, எந்நூலகம் எதனைக் கொணர்ந்தது என ஆராய்தல் வேண்டும். இரண்டாவதாக, தம்முள் இணங்குமெனத் தேர்ந்த பதிப்புக்களின் பட்டியலொன்றை ஸ்பிரிங் பூட் தானே வழங்குகின்றது. முன்னர் கையால் எழுதிவைத்த பதிப்பெண்கள் அப்பட்டியலை மீறி நிற்பதுண்டு. தக்க காரணமில்லாதவற்றை நீக்குதல் நன்று. மூன்றாவதாக, ஏனைய நூலகங்களுக்குப் புதிய பெயரை ஏற்ற பதிப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் மாற்று நூலகத்தை நாடவேண்டும். ஸ்பிரிங்பொக்ஸ் என்னும் ஆவண நூலகம் 2020இன் பின் புதிய பதிப்புக் காணாமையால், பலர் ஸ்பிரிங்டொக் என்பதற்கு மாறினர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'ஜாவக்ஸ்' என வருமிடமெல்லாம் 'ஜகார்த்தா' என மாற்றுதல் தவறு. தரவுத்தளத்துக்குரிய 'ஜாவக்ஸ் எஸ்கியூஎல்', மறையீட்டுக்குரிய 'ஜாவக்ஸ் கிரிப்டோ' ஆகியன ஜாவாவின் அடிப்படைப் பகுதிக்கே உரியனவாதலின் பழைய பெயரோடே நிற்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதும் தகாது. முதலில் 2.7 பதிப்புக்கு வருக. பின்னர் அதிலேயே ஜாவா 17க்கு மாறுக. அதன் பின்னரே 3.0க்குச் செல்க. ஒவ்வொரு படியிலும் சோதனைகளை ஓட்டிப் பார்ப்போர்க்குப் பழுது எப்படியிற் புகுந்தது என்பது உடனே விளங்கும். மூன்று படிகளையும் ஒருங்கே தாண்டியவர்க்கோ, பழுது ஒன்றாயினும் தேடவேண்டிய இடம் மூன்றாகும். புதுப்பித்தலை ஆண்டுக்கணக்கில் ஒத்திவையாது காலந்தோறும் சிறிது சிறிதாகச் செய்துவரின், இம்முரண்பாடுகள் பெருகு முன்னரே தீர்ந்துவிடும்.