நம் வண்டியின் பிரேக் ஏன் மூன்று முறை மாற்றப்பட்டது?



2025-ஆம் ஆண்டின் வாகனக் கணக்கைப் பார்த்த சகோதரர்கள் சிலர், பிரேக் செலவு மட்டும் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். வண்டி பொது நன்கொடையில் ஓடுகிறது. ஸகாத் கணக்கிலிருந்து டீசலுக்கோ பழுதுக்கோ ஒரு ரூபாயும் எடுப்பதில்லை. ஆனாலும் நன்கொடையும் அமானிதமே. வாயால் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுத இரண்டு காரணங்கள் உண்டு. எஸ்.யூ.வி. வைத்திருக்கும் பலருக்கு இதே தொல்லை வருகிறது. இன்னொன்று, இந்த விஷயத்தில் ஒருவர்மீது நாங்கள் தவறாகச் சந்தேகப்பட்டோம். அந்தப் பேச்சு வெளியே போய்விட்டதால் அதற்கான திருத்தமும் வெளியே வரவேண்டும்.

நம் வண்டி ஏழு பேர் அமரும் எஸ்.யூ.வி. நடு இருக்கையை மடித்து நோயாளி படுக்க வசதி செய்திருக்கிறோம். திருவதிகை, பண்ருட்டிப் பகுதியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் கடலூர் அரசு மருத்துவமனைக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள்தான் அதில் அதிகம் பயணம் செய்கிறார்கள். அடுத்தபடியாக நெய்வேலி ஓட்டம். வண்டியோடு வந்த முன்சக்கர பிரேக் பேட் 42,000 கிலோமீட்டர் ஓடியது. 2024 ஆகஸ்டில் போட்ட புதிய பேட் 11,000 கிலோமீட்டரிலேயே, 2025 பிப்ரவரியில், தேய்ந்து தீர்ந்தது. அடுத்தது 8,000 கூடத் தாண்டவில்லை. இடது டிஸ்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்ததால் ஜூனில் பேட்டோடு இரண்டு டிஸ்க்கையும் மாற்றினோம். அக்டோபரில் மூன்றாவது முறை.

அந்த மூன்றாவது முறை நடந்தது எங்களைப் பயமுறுத்திவிட்டது. டயாலிசிஸ் முடிந்த ஒரு பெரியவரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு மஃரிபுக்குப் பிறகு திரும்பும்போது வண்டிக்குள் கருகல் நாற்றம் வந்தது. இடது முன்சக்கரத்திலிருந்து புகை. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓட்டுநர் பாய் கியரைக் குறைத்து வேகத்தை இறக்கி, ஓரமாக நிறுத்தி, வேறு வண்டி வரவழைத்து அவர்களை வீடு சேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு முன்பே எங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “அவர் முன்பு லாரி ஓட்டியவர், பிரேக்கிலிருந்து காலை எடுப்பதே இல்லை” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினோம். ஆளை மாற்றலாமா என்ற பேச்சும் வந்தது. இரண்டு முறை பேட் மாற்றிய பட்டறையிலும், “ஓட்டுகிற விதம் இருக்கிறது, நெய்வேலித் தூசி வேறு” என்றார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஓட்டுநரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தவர் நெய்வேலியில் வசிக்கும் ஒரு முதியவர். சுரங்க வாகனங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர். சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே, “பழைய பேட் எங்கே?” என்றுதான் கேட்டார். எங்களிடம் இல்லை. ஓட்டுநர் பாயிடம் இருந்தது. மாற்றிய ஒவ்வொரு செட்டையும் ஒரு சாக்கில் கட்டிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். “ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்று தெரியும்” என்றார். அந்தச் சொல் எங்களுக்குச் சுருக்கென்றிருந்தது.

முதியவர் காட்டியதைப் புரிந்துகொள்ள, டிஸ்க் பிரேக் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சைக்கிள் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைகள் பிடிக்கின்றன அல்லவா? காரில் ரிம்முக்குப் பதில், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வார்ப்பிரும்பு வட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க்; ரோட்டார் என்றும் சொல்வார்கள். ரப்பர் கட்டைக்குப் பதில் இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள். அதுதான் பேட். இரண்டு பேட்டையும் பிடித்திருக்கும் கவ்வி காலிப்பர். பெரும்பாலான கார்களில் காலிப்பரின் ஒரு பக்கத்தில் மட்டுமே பிஸ்டன் உண்டு. மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் உள்பக்கப் பேட்டை டிஸ்கில் தள்ளும். தள்ளும் வேகத்தில் காலிப்பரே இரண்டு பின்கள்மீது வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேட்டையும் இழுத்துப் பிடிக்க வைக்கும். மிதியை விட்டதும் அதே பின்கள்மீது காலிப்பர் தளர வேண்டும். அந்தப் பின்களுக்குக் கிரீஸ் இருக்கிறது; தண்ணீரும் மண்ணும் போகாதபடி சுருக்கு வைத்த ரப்பர் உறையும் இருக்கிறது. அளவில் சிறியது, விலையும் சிறியது. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை.

முதியவர் இடது சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டு பேட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்பக்கத்தது இரும்புத் தகடு வரை போயிருந்தது. வெளிப்பக்கத்ததில் பாதிக்குமேல் மிச்சம். முந்தைய செட்டுகளும் அப்படியே. வலது சக்கரத்துப் பேட்களோ இரண்டும் ஏறக்குறைய சமம். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “டிரைவர் கால் தப்பு என்றால் நாலு பேட்டும் ஒன்றாகத் தேயும். காலுக்கு இடது வலது தெரியாது, உள்பக்கம் வெளிப்பக்கமும் தெரியாது.” தூசிக்கும் அதே நியாயம்தானே.

காலிப்பரைக் கழற்றியபோது காரணம் கையில் வந்தது. ஒரு ரப்பர் உறை கிழிந்திருந்தது. பின் துருவேறி, கிரீஸ் செம்மண்ணோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. காலிப்பர் நகராததால் உள்பக்கப் பேட் மட்டுமே எல்லா வேலையையும் செய்தது. மிதியை விட்ட பிறகும் டிஸ்கை உரசிக்கொண்டே வந்தது. புதுப் பேட்டும் புது டிஸ்க்கும் போட்டு அதே சிக்கிய பின்மேல் பூட்டியதால் அவையும் அதே கதிக்கு ஆளாயின. இரண்டு முறை தேய்ந்த பொருளை மாற்றினோமே தவிர, தேய்த்த பொருளைப் பார்க்கவில்லை.

உறை எப்போது கிழிந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் வெள்ளம் வந்தபோது, உணவுப் பொட்டலங்களோடு நம் வண்டி முழங்கால் அளவு தண்ணீரில் போய்வந்தது. பிறகு எஞ்சின் ஆயில் மாற்றினோம், உள்ளே காயவைத்தோம். சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லவில்லை. அது எங்கள் குறை. வெள்ள நீரில் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள், மாதங்கள் கடந்திருந்தாலும், ஒருமுறை நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

சரி, தூசிக்குப் பங்கே இல்லையா? உண்டு. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் அகலப்படுத்தும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் நாம் சாப்பிட்ட புழுதி கொஞ்சமா? மணலில் உள்ள குவார்ட்ஸ், டிஸ்க் செய்யும் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிய துகள் வட்டக்கோடு போடும். ஆனால் அது எல்லாச் சக்கரத்திலும் மெதுவாக நடக்கும் தேய்மானம். நம் வண்டியில் தூசி செய்த பெரிய கெடுதல், கிழிந்த உறை வழியே உள்ளே போனதுதான்.

எஸ்.யூ.வி.க்கு இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்றால், எடை. ஆட்களோடு 2,000 கிலோ இருக்கும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிரேக்கில் உண்டாகும் வெப்பம், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் அதில் கால் பங்குதான். வேகம் பாதியானால் வெப்பம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. இந்த வெப்பத்தின் பெரும்பகுதியை முன்சக்கரங்களே தாங்குகின்றன. நம் வண்டியில் பின்சக்கர டிரம் பிரேக்கும் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்து சரியாகப் பிடிக்காமல் இருந்தது. அந்தச் சுமையும் முன்னால் ஏறியிருக்கிறது. வலது பக்கமும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்ததற்கு அது காரணம்.

மிதி ஆழமாக இறங்கியதற்குக் காரணம் பிரேக் ஆயில். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230-ம் 155-ம். உரசிக்கொண்டே வரும் சக்கரத்தில் இந்தச் சூடு எளிதில் வரும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அன்று இரவு நாங்கள் அதன் வாசல் வரை போய்வந்திருக்கிறோம். ஆயிலைக் கடைசியாக மாற்றிய தேதியை ரசீதுக் கட்டில் தேடினோம். மாற்றியதாகவே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

உங்கள் வண்டியில் பேட் சீக்கிரம் தேய்ந்தால் பட்டறைக்காரரிடம் பழைய பேட்டைக் கேட்டு வாங்குங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பின்னையும் பிஸ்டனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பேட் ஆப்புபோல ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று சிக்கியிருக்கலாம், அல்லது பேட் தன் இருப்பிடத்தில் நகராமல் இறுகியிருக்கலாம். ஒரு சக்கரத்தில் இரண்டு பேட்டும் தீர்ந்து மறுசக்கரம் நன்றாக இருந்தால் பிஸ்டன், அல்லது உள்ளே ஊதி அடைத்துக்கொண்ட பிரேக் ஹோஸ். நான்கும் சமமாகச் சீக்கிரம் தேய்ந்தால்தான் ஓட்டும் பழக்கம், சுமை, பேட்டின் தரம், தளர்ந்த பின் பிரேக் என்று போக வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அதிகம் பிரேக் போடாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலடித்தால் அது உரசுகிறது.

பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை என்று பொருள். ஹப்பில் உள்ள துருவைத் துடைக்காமல் டிஸ்க்கைப் பூட்டுவதும், வீல் நட்டுகளை ஒன்று இறுக்கமாக ஒன்று தளர்வாக முடுக்குவதும் இதைக் கொண்டுவரும். லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் டிஸ்கின் விளிம்பிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் கடையக் கூடாது, மாற்ற வேண்டும். பேட்டின் உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். கீச்சென்ற சத்தம் வரும்வரை காத்திருந்து டிஸ்க்கையும் இழக்க வேண்டாம். பின்களுக்குப் பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பேட் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. சில மலிவான பேட்களில் கல்நார் இருக்கக்கூடும்; ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

ஓட்டும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தன்னார்வலர்கள் சிலர் இரவு ஓட்டத்தில் பிரேக் மிதிமேல் காலை வைத்தபடியே வருகிறார்கள். இது குற்றச்சாட்டு அல்ல. ஓட்டுநர் பாய் எங்களிடம் சொன்ன தகவல். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே வந்தால் பின்னால் வருபவருக்கும் நீங்கள் நிற்கப்போவது தெரியாது.

செலவைச் சொல்லிவிடுகிறோம். பின், உறை, கிரீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முதல் முறையே இதைப் பார்த்திருந்தால் இரண்டு செட் பேட்டும் ஒரு ஜோடி டிஸ்க்கும் மிஞ்சியிருக்கும். முதியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். சாயா மட்டும் குடித்தார்.

ஓட்டுநர் பாயின் வீட்டுக்கு நிர்வாகக் குழுவில் மூன்று பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். சொன்னாரே தவிர, கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகம் தெளிந்தது. இனி வண்டியில் எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டிய பிறகே ரசீதில் கையெழுத்து. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரம் கழற்றிப் பின்கள் நகர்கின்றனவா என்று பார்த்து ஓட்டப் பதிவேட்டில் எழுதப்படும். அந்தப் பதிவேடு ஓட்டுநர் பாயின் பொறுப்பில் இருக்கும்.

சாக்கிலிருந்த பழைய பேட்கள் இப்போது அலுவலக மேசையில் இருக்கின்றன. வருகிற ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.